அடி விழுகிற வீடு

எங்கள் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்திருக்கிறோம். அதனால் தலைப்பக்கம் தாழ்ந்து இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு நான் அதில் குப்புறப் படுப்பேன். தலை விளிம்புக்கு வெளியே தொங்கும். என் கணவர் தண்ணீர் மொள்ளுகிற மாதிரி உள்ளங்கையைக் குவித்து, விலாவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வருவார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒட்டியிருக்கும் சளி இளகித் தொண்டைக்கு வரும். தரையில் இருக்கும் பழைய பால்பவுடர் டப்பாவில் இருமித் துப்புவேன். பிறகு ஒருக்களித்து இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். அவர் துறைமுகத்துக்குக் கிளம்புவதற்குள் இது முடிய வேண்டும். தலை தொங்கிக் கிடக்கும்போது எனக்குத் தெரிவதெல்லாம் தரையும், கதவின் கீழ்ப்பாதியும், யாராவது வந்தால் அவர்கள் பாதமும்தான்.

நாசரேத்தில் சிறுமியாக இருந்தபோது எனக்குக் கக்குவான் இருமல் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் இருமல். வீட்டில் "இவளுக்குச் சளி உடம்பு" என்று சொல்லிக்கொண்டார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்தேன், இரண்டு வருடம் பாடம் நடத்தினேன், கல்யாணம் ஆகித் தூத்துக்குடி வந்தேன். மகள் பிறந்த பிறகு சளி நிற்கவே இல்லை. காலையில் எழுந்தால் ஒரு கிண்ணம் நிறைய வரும். இங்கே படம் எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள். திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாய்க்குள் மருந்து விட்டு மறுபடியும் படம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"மூச்சுக்குழாய் சில இடத்துல பை மாதிரி விரிஞ்சு போச்சும்மா. சளி அதுல தங்கிடுது. சோத்துல கஞ்சி வடிக்கிற மாதிரி தினமும் வடிச்சு எடுக்கணும். இது டி.பி. இல்லை. ஒட்டுவாரொட்டி இல்லை. குணமாகாது. ஆனா ஒழுங்கா இருந்தா நல்லா வாழலாம்."

புகை கூடாது, தூசி கூடாது, மழையில் நனையக் கூடாது, சளி நிறம் மாறினால் உடனே வர வேண்டும் என்றார். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக மகளின் டம்ளரைத் தனியே வெந்நீரில் கழுவி வைத்தேன். டாக்டரை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கழுவினேன். அவளை உச்சந்தலையில் மட்டும் முத்தமிட்டேன். அன்றிலிருந்து அதுதான் பழக்கம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. என் கணவர் உடன்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன் மனைவி, எனக்கு மூத்தவர், டி.பி.யில் இறந்தவர். கொல்லைப்புறத்தில் ஓர் அறையில் அவரை வைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். அவருடைய கைப்பிள்ளையை என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், தன் பக்கம் எடுத்துக்கொண்டார். தாய்க்கு ஜன்னல் வழியாகப் பிள்ளையைக் காட்டுவார்களாம். ஒரு மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. பிள்ளை பிழைத்தது. "பிரிச்சதுனாலதான் பிள்ள தங்குச்சு" என்று அத்தை சொல்லுவார். கல்யாணமான புதிதில், வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது இந்தக் கதையை என்னிடம் சொன்னார். என்னைப் பயமுறுத்த அல்ல. குடும்பத்தில் நடந்ததை மருமகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான்.

அதனால் என் நெஞ்சுக்கு என்ன என்று உடன்குடிக்குத் தெரியக் கூடாது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். தெரிந்தால் மகள் போய்விடுவாள். அப்போது அவளுக்கு மூன்று வயது முடியவில்லை.

மில்லர்புரத்தில் நாங்கள் இருப்பது வரிசை வீடு. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய ஓர் அக்கா. அவர் கணவர் தோணியில் போகிறவர், மாதக்கணக்கில் கடலில் இருப்பார். ஒரு நாள் நான் கொடியில் துணி காயப் போடும்போது அக்கா சுவர் ஓரம் வந்து நின்றார்.

"ஏளா, இங்கன வா. நெசத்தச் சொல்லு. காலங்காத்தால எதுக்கு இந்த அடி அடிக்கான் ஒன் மாப்பிள்ள?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"டப்பு டப்புன்னு சத்தம் வருது, நீ மூச்சு முட்ட இருமுத. எனக்குக் காது இல்லையா? பாத்தா பூன மாதிரி இருக்கான் மனுசன். ஆபீசுக்குப் போகும்போது சட்டைய மடிப்புக் கலையாமப் போட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரில்லா போறான்!"

சிரிப்பு வந்துவிட்டது. அரிசியில் வண்டு இருந்தால்கூட எடுத்து வெளியில் விடுகிறவர் அவர். ஆனால் சிரித்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் நோயைச் சொல்ல வேண்டும். குனிந்து ஈரத்துணியைப் பிழிந்தேன். அக்கா என் மௌனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணத்தில் சாளை மீன் குழம்பு வந்தது. "தின்னு. ஒடம்புல தெம்பு இருந்தாத்தான் அடி தாங்கும்."

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை அவருக்கு. எதையும் ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள். எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அடிக்கேன்னே இருக்கட்டும்."

"உங்களப் பத்தி என்ன நினைப்பாவ?"

"நினைச்சா நினைக்கட்டும். நோய்க்காரி வீடுன்னு பேர் வந்தா நாளைக்கே ஊருக்குச் செய்தி போயிரும். எம்பேரு போனாலும் பிள்ள போகாதுல்லா."

அப்படித்தான் எங்கள் வீடு அடி விழுகிற வீடு ஆனது. முனைக்கடை அண்ணாச்சி, சீனி பொட்டலம் கட்டிக்கொண்டே அவரிடம் சொன்னாராம்: "தம்பி, பொம்பளப் பிள்ள மேல கை நீட்டாதடே. படிச்சவன் செய்யுத காரியமா?" இவர் "சரி அண்ணாச்சி" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை குருவானவர், மனைவிகளை நேசிப்பது பற்றிப் பிரசங்கம் செய்தார். எங்கள் பெஞ்சைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்த பெண்கள் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். வாழ்நாளில் என்மேல் அவ்வளவு பேர் அன்பு காட்டியதில்லை. வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. இப்படி நினைப்பது சரியா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

நாங்கள் நினைக்க மறந்தது ஒன்று உண்டு. அண்ணாச்சி கடைக்குக் கருப்பட்டி உடன்குடியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நோய்ச் செய்தி எந்த வழியாகப் போகும் என்று பயந்தோமோ அதே வழியாக அடிச் செய்தி போனது.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அத்தை வந்து இறங்கினார். ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, இடுப்பில் சொருகிய வெற்றிலைப் பை. உட்காரக்கூட இல்லை. "திரும்பு. முதுகக் காட்டு" என்றார். ஜாக்கெட்டைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். தட்டிய இடம் காலையிலிருந்து சிவந்துதான் இருந்திருக்கும். விரலால் மெல்லத் தடவினார்.

மகன் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எலே, ஒங்கப்பன் பனங்காட்டுல கெடந்து வளர்ந்தவரு, ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு நாள் எம்மேல கை நீட்டினதில்ல. நீ படிப்பு, கப்பல் ஆபீசுன்னு பாத்துட்டு வந்து இந்தப் பிள்ளய அடிக்கியோ?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் இங்கனதான். எப்படி அடிக்கான்னு பாக்கேன்" என்று அத்தை கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தார். மத்தியானம் அவர் கை கால் கழுவப் போன நேரத்திலேயே செங்கல்லை நான் எடுத்து அடுப்படியில் ஒளித்திருந்தேன்.

எனக்காகக் காவல் இருக்க வந்தவர் முன்னால் என்னால் மூச்சுவிட முடியவில்லை. தட்டுவது நின்றது. சளி அடியில் கட்டிக்கொண்டது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்தில் துவைகல் மேல் குனிந்து இருமிப் பார்த்தேன். கொஞ்சம்தான் வந்தது. அத்தை அன்பாக ராத்திரிதோறும் சாம்பிராணி போட்டார், "பிள்ளைக்கும் ஒனக்கும் நல்லது" என்று என் தலைமாட்டில் தட்டை வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. வாரம் முடிவதற்குள் காய்ச்சல் வந்தது. சளியின் நிறமும் வாடையும் மாறின.

அத்தை மீன் வாங்கப் போன ஒரு காலையில், இனித் தாங்காது என்று கட்டிலுக்கடியில் செங்கல்லை வைத்தோம். அவர் அவசரமாகத் தட்டினார். மகள் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அது அவளுக்கு விளையாட்டு. "துப்பும்மா, துப்பும்மா" என்பாள். வந்தது, நிறைய வந்தது, நூல் நூலாக ரத்தத்தோடு வந்தது. அப்போது கதவின் கீழே இரண்டு பாதங்களைப் பார்த்தேன். ஈரச் சேலை ஓரம், பக்கத்தில் பனையோலைப் பையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்.

அத்தை டப்பாவைப் பார்த்தார். பிறகு குழந்தையின் கையிலிருந்து அதை எடுத்துத் தூர வைத்தார். சத்தம் போடவில்லை.

"அடிச்சான்னா நான் கேப்பேன்" என்றார். "இதுக்கு நான் யாரக் கேக்க?"

அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் பொறுமையாக அவருக்கும் சொன்னார். அத்தை கைகளைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "நல்ல மனுசன். நோயாளி மனசு விட்டுரக் கூடாதுன்னு பொய் சொல்லுதாரு. மூத்தவளுக்கும் இப்படித்தான் ஒரு டாக்டரு சொன்னாரு, சரியாயிரும்ன்னு."

"அம்மா, அது வேற, இது வேற. சளியச் சோதிச்சுச் சொன்னாவ" என்றார் என் கணவர்.

"ரெண்டும் நெஞ்சுலதான இருக்கு?"

அவர் என் பக்கம் திரும்பினார். பதில் என்னிடம் இருந்தது. படித்தவள், எடுத்துச் சொல்லத் தெரிந்தவள். ஆனால் அந்த நேரத்தில் ஒரே ஒரு எண்ணம்தான் நெஞ்சில் நின்றது: ஒருவேளை டாக்டர் சொன்னது தவறாக இருந்தால்? நான் வெந்நீரில் கழுவிய டம்ளர் எனக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல் இருந்தது. அத்தையோடு ஊருக்கு அனுப்ப, மகளின் கவுன்களை நானே துவைத்து, நானே மடித்து வைத்தேன்.

புறப்படும் முன் அத்தை பக்கத்து வீட்டு வாசலில் நின்று உரக்கச் சொன்னார்: "எம்மகன் யாரையும் அடிக்கல. அவளுக்கு நெஞ்சுல நோய். அதுக்குத்தான் தட்டுதான்." மகனின் பேரைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி இல்லை.

பஸ் ஸ்டாண்டில் மகள் கையில் ஒரு துண்டு கருப்பட்டி. அதைச் சப்பிக்கொண்டு அத்தையின் மடியில் அழாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார். "கோடையில வா. ரோட்டுலயிருந்து வீட்டு வரைக்கும் அந்த மணல்ல நடந்து வா. மூச்சு வாங்காம வந்து நின்னேன்னா பிள்ளயக் கூட்டிட்டுப் போ. நான் தடுக்க மாட்டேன்." குரலில் கடுமை இல்லை. நான் வருவேன் என்ற நம்பிக்கையும் இல்லை.

ஒரே நாளில் என் கணவர் நல்லவர் ஆகிவிட்டார். அண்ணாச்சி அவர் தோளைத் தட்டி, "தப்பா நினைச்சிட்டேன், மனசுல வைக்காதடே" என்றார். எனக்கு வேண்டிய சாமானைக் கல்லாவின் மேல் வைத்து, கையை எடுத்த பிறகுதான் "எடுத்துக்கம்மா" என்றார். அடி வாங்குகிறவளாக இருந்தபோது வந்த மீன் குழம்பு நின்றுபோனது. கடைசியாகக் குழம்பு வந்த கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து, அக்காவின் வாசலில் கொண்டுபோய் நின்றேன். "இருக்கட்டும்ளா, நீயே வச்சிக்க" என்று உள்ளேயிருந்தே சொன்னார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேனோ என்னவோ. கிண்ணம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதால் நோயை ஒழுங்காகப் பார்க்க முடிந்தது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. காலையிலும் மாலையிலும் தட்டினோம். மருந்தை முழுதாகச் சாப்பிட்டேன். விறகை விட்டு ஸ்டவ்வுக்கு மாறினேன், மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் பழைய சோறு. மழை விட்ட பிறகு சாயங்காலங்களில் இருவரும் கடற்கரைக்குப் போய் மணலில் நடந்தோம். முதலில் ஒரு தோணியிலிருந்து அடுத்த தோணிக்கு. மூக்கால் இழுத்து, சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து விட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் பக்கத்திலேயே வருவார். நான் நின்றால் நிற்பார். ஆளில்லாத அந்த வீட்டுக்குத் திரும்புவதற்கு எங்கள் இருவருக்குமே மனம் வராது. டாக்டர் மாசியில் என் முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, நல்லா இருக்கீங்க" என்றார். ஆமாம் என்றேன்.

சித்திரையில் போனோம். பஸ் எங்களை ரோட்டில் விட்டுவிட்டுப் போயிற்று. வீடு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஆனால் வழியெல்லாம் செம்மணல், கால் புதைகிற மணல். அத்தை வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படியோ செய்தி போயிருந்தது. அது பதநீர் காய்ச்சுகிற காலம் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பனை விளைகளில் இருந்த குடிசைகளிலிருந்து ஓலைப் புகை காற்றோடு குறுக்கே வந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். மூடினால் அத்தை என்ன நினைப்பார்? மூடவில்லை. கஞ்சியை ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டே நடந்தேன். பாதி வழியில் பனைகளைப் பார்க்கிற மாதிரி நின்றேன். இருமல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். மறுபடி நடந்தேன்.

படலுக்கு முன்னால் போய் நின்றதும் அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார். அது ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பளபளவென்று புது டம்ளர். குடித்து முடித்ததும், "அதையும் பையில வச்சிக்க" என்றார். மகளின் கவுன்கள் ஏற்கெனவே மடித்துக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை.

மகள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். வளர்ந்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கவுனின் விளிம்பைத் தூக்கி வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்போது சொல்லவில்லை. பழக்கியிருந்தார்கள். கவுனுக்கு மேலே கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. பஸ்ஸில் அவள் அப்பா மடியில் உட்கார்ந்து வந்தாள். அவள் லேசாக இருமினாள், இரண்டு தரம். அந்தப் புகையாக இருக்கும் என்று அவர் சொன்னார். ஊர் வந்து சேரும்வரை நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இது நடந்து அதிக நாள் ஆகவில்லை. அவளைக் கூட்டி வந்த மறுநாள் காலை செங்கல் வைத்த கட்டிலில் குப்புறப் படுத்தேன். அவர் தட்டத் தொடங்கினார். கதவின் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் வந்து நின்றன. விரலிடுக்கில் செம்மண் இன்னும் போகவில்லை. மேலே பார்க்க முடியாது, ஆனாலும் கவுன் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். டப்பாவைப் பிடிக்க அவள் வரவில்லை. நானே எட்டி இழுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் வருகிறாள். வாசற்படியைத் தாண்டுவதில்லை. கூப்பிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். கூப்பிட்டால் ஓடிவிடுவாளோ, கூப்பிடாவிட்டால் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைப்பாளோ. வந்துவிட்டால், வரவிட்டது சரிதானா என்றும் நினைப்பேன்.

இன்று காலை அந்தப் பாதங்களில் ஒன்று படிக்கு இந்தப் பக்கம் இருந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், கை சட்டென்று நின்றது.

"நிறுத்தாதீய" என்றேன் மெல்ல. "தட்டுங்க."